பிற்பகலில் மட்டும் வரும் தலைவலி

மெல்பேர்ணில், காரின் பின்னால் இழுத்துப் போகும் சிறு வீடான கரவன் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகின்றன. எந்த ஆற்றங்கரையில் இடம் கிடைக்கும், எந்தப் பார்க்கில் குளியலறை சுத்தம் என்றெல்லாம் அதில் பேசிக்கொள்வார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகு மகள் என்னையும் அதில் சேர்த்துவிட்டாள். எனக்குக் கரவனும் இல்லை, அதை இழுக்கிற காரும் இல்லை. ஆனால் இருபத்து மூன்று வருடம் டண்டினொங்கில் கரவன்களுக்குக் காஸ் பொருத்தியவள் என்பதால், யாருக்காவது அடுப்பு எரியாவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள்.

போன மாதம் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் படம் ஒன்று போட்டிருந்தார். கூடவே கேள்வி: "ஆன்ட்டி, கேஸ் ஜெனரேட்டர் வாங்கியிருக்கேன். பெட்ரோல் மாதிரி நாத்தமே வராது. சேஃப்தானே?"

படத்தில் ஜெனரேற்றர் கரவனின் முன்பெட்டிக்குள், காஸ் சிலிண்டருக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தது. "நாற்றம் வராததுதான் பயம். இப்போதே வெளியே எடுங்கள்" என்று எழுதினேன். எடுத்துவிட்டார். பிறகு "ஏன் ஆன்ட்டி?" என்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் நாலு பேர் ஏன் என்று கேட்டார்கள். போனில் கட்டைவிரலால் எழுதி முடிக்கிற பதில் அல்ல அது. அதில் என் பிழையும் இருக்கிறது. ஆகையால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. வவுனியாவில் கணக்குப் படிப்பித்தவள். இங்கே முதலில் கோழி வெட்டும் தொழிற்சாலை, பிறகு கரவன் தொழிற்சாலையில் அலுமாரிக்கு ஆணி அடிக்கும் வேலை. அங்கே காஸ் பொருத்துபவர்கள் மட்டும் குந்தியிருந்து, ஆறுதலாக, அவசரமின்றி, எதையோ அளந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அளப்பதும் எழுதுவதும் எனக்குத் தெரிந்த வேலை என்று நினைத்தேன். வேலையோடு வேலையாகப் படித்துச் சான்றிதழ் எடுக்க நாலு வருடம் போயிற்று. பிறகு ஒரு சிறிய திருத்தும் பட்டறையில் சேர்ந்தேன். தேவகி என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. அவர்கள் ஊர் ஆண் பெயரான டேவ் ஆகிவிட்டேன். போனில் டேவை விசாரித்துவிட்டு நேரில் வரும் வாடிக்கையாளர்கள், நெற்றியில் பொட்டு வைத்த ஒருத்தி ஸ்பானரோடு எழும்பி வருவதைப் பார்த்து முழிப்பார்கள்.

பட்டறையின் மேலாளர் ட்ரேசி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். சிரிக்கமாட்டாள், ஏசவும் மாட்டாள். நான் ஒரு வேலையை முடித்துச் சோதித்த பிறகு வருவாள். "சோதனையில் வந்த எண்ணைச் சொல்லாதே" என்பதுதான் முதல் வார்த்தை. என்னைக் கொட்டகைக்கு வெளியே அனுப்பிவிட்டு எல்லாச் சோதனையையும் தானே முதலிலிருந்து செய்வாள். கிடைத்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வெளியே வருவாள். அதன் பிறகே நான் என் தாளைக் காட்ட வேண்டும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "நீ முதலில் சொன்னால் என் கண்ணும் அதையேதான் பார்க்கும்" என்றாள். அவள் என்னை நம்பவில்லை என்று ஆரம்பத்தில் கோபம் வந்தது. அவள் தன்னையே நம்புவதில்லை என்பது பிறகுதான் விளங்கிற்று.

இனி ரொன் என்ற வாடிக்கையாளரின் கதைக்கு வருகிறேன். அவரும் மற்றவர்களும் பேசியது ஆங்கிலம், தமிழில் எழுதுகிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன், கோடை தொடங்கும் நேரம். எழுபது வயது மதிக்கத்தக்க நெடிய மனிதர். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். கரவனை இழுத்துக்கொண்டு தனியாக வந்தார். மறே ஆற்றங்கரையில் மின்சாரம் இல்லாத இடங்களில் தங்குவதற்காக ஒரு காஸ் ஜெனரேற்றர் பொருத்த வேண்டும் என்றார்.

"மனைவிக்குப் பிற்பகலில் ஏசி வேண்டும். பெற்றோல் நாற்றம் அவளுக்குப் பிடிக்காது. காஸ் சுத்தமானதுதானே?"

"எரிகிற எதுவும் முழுச் சுத்தம் இல்லை" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளேயிருந்தே ஜெனரேற்றரை இயக்க, கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் கேட்டார். பிறகு கதவின் அடியிலுள்ள காற்றுத் துவாரத்தைக் காலால் தட்டிக் காட்டினார். "இதை மூடிவிட முடியுமா? தூசி வருகிறது."

"முடியாது. மூச்சு விடுவதற்கான வழி அது."

முகம் சுளித்தார். பத்துப் பேரில் நாலு பேர் அதைக் கேட்பார்கள். ஆனாலும் அன்றே மனதில் ஒரு சின்ன முள் தைத்தது.

பொருத்தும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரவனுக்கு முன்னால் காரோடு கொளுவுகிற இரும்புச் சட்டம் இருக்கும். ஜெனரேற்றர் அதில்தான் உட்காரும். முதலில் நிறை பார்க்க வேண்டும். அங்கே ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் காரின் பின்பக்கத்தை அமுக்கும். பிறகு இடம். ஜெனரேற்றர் பொறி பறக்கும் இயந்திரம், ஆகவே சிலிண்டரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், பட்டி போட்டு இறுக்க வேண்டும். புகை வாய் எந்த ஜன்னலையும் கதவையும் பார்க்கக் கூடாது. அடியில் ரப்பர் பாதங்கள். கடைசி முழத்துக்குச் செம்புக் குழாய் கூடாது, வளைகிற குழாய்தான். அதிர்ந்து அதிர்ந்து செம்பு இறுகி ஒருநாள் விரிசல் விட்டுவிடும். அடுப்புக்குப் போகிற குழாயில் கிளை எடுத்து ஜெனரேற்றருக்குக் கொடுக்கக் கூடாது. அதற்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேற்றர். சிலிண்டர் மாற்றுவதென்றால் இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, புதியதின் திருகைப் பூனை நடப்பது போல மெதுவாகத் திறக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்தேன். குழாயில் காஸை நிரப்பி, திருகை மூடி, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் அசைகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தேன். மூட்டுகளில் தூரிகையால் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழி இல்லை. ட்ரேசியின் உள்ளங்கை எண்ணும் என் எண்ணும் ஒன்று. உள்ளே, கார்பன் மொனொக்சைட் ஏறினால் கத்தும் அலாம் ஒன்று பூட்டினேன். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சோதனைப் பட்டியலில் எல்லாக் கட்டங்களுக்கும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஆறு வாரம் கழித்து ரொன் திரும்ப வந்தார். ஜெனரேற்றரின் கூடு கிடுகிடுக்கிறது என்றார். ஒரு போல்ட் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். வாடிக்கையாக உள்ளேயும் ஒரு பார்வை பார்ப்பேன். சுவரில் அலாம் இல்லை. கரண்டிகள் போடும் லாச்சியை இழுத்துத் திறந்தால் அதற்குள் கிடந்தது, பற்றரி கழற்றிய நிலையில். கதவின் காற்றுத் துவாரத்தில் உள்பக்கமாக அகலமான சாம்பல் நிற ரேப் என்ற ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.

"அலாமை ஏன் கழற்றினீர்கள்?"

"முதல் நாளே காரணமில்லாமல் கத்திற்று. என் மனைவி வலரி தூங்க வேண்டுமல்லவா?" என்றார்.

"துவாரத்தில் ரேப்?"

"சொன்னேனே, தூசி."

சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ரேப்பை உரித்தேன். பற்றரி போட்டு அலாமைப் பூட்டினேன். மீற்றரோடு உள்ளே உட்கார்ந்து, ஜன்னல்களைச் சாத்தி, ஜெனரேற்றரை அரை மணி நேரம் ஓடவிட்டேன். மீற்றர் சைபரை விட்டு அசையவில்லை. அலாமும் கத்தவில்லை.

எங்கள் பட்டறையில் கரவனின் மரவேலை, வயர் வேலையெல்லாம் செய்தவன் சிவநேசன். படகில் வந்தவன். அப்போது தற்காலிக விசாவில் இருந்தான். ரொன் போன பிறகு தேத்தண்ணீரோடு என்னிடம் வந்தான்.

"அக்கா, அந்தாளின்ரை கதை எனக்குச் சரியாப் படேல்ல. அலாம் கத்தினா மனிசன் வெளியில ஓடுவான். இந்தாள் பற்றரியைக் கழட்டி லாச்சிக்குள்ள வைச்சிருக்கு."

"நானும் அதைத்தான் யோசிக்கிறன்."

"பொலிசுக்குச் சொல்லுவமே?"

"என்னத்தைச் சொல்லுறது? மீற்றர் சைபர் காட்டுது எண்டோ?"

ஆனால் அன்றிலிருந்து என் தலைக்குள் கணக்கு ஒன்று ஓடத் தொடங்கிற்று. என் பொருத்துதல் சரி, மீற்றரே சொல்லிவிட்டது. சரியான வண்டியில் அலாம் கத்தியது என்றால், ஆள் ஏதோ செய்கிறார். துவாரத்தை மூடுகிறார். சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் இடத்தில் கேட்டிருக்கிறார். கணக்கு ரீச்சருக்கு விடை வந்துவிட்டால் வழியைத் திரும்பிப் பார்க்க மனம் வராது.

அடுத்த வாரம் வலரி வந்தார். தனியாக, ஒரு சின்னக் காரில். வரவேற்பறைக் கதிரையின் நுனியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, தலைமுடியை ஒழுங்காகச் சீவியிருந்தார்.

"டேவைப் பார்க்க வேண்டும்."

"நான்தான் டேவ்."

ஒரு கணம் சிரித்தார். பிறகு முகம் பழையபடி சுருங்கிற்று. "நான் வந்தது ரொனுக்குத் தெரியாது."

கதவைச் சாத்தினேன்.

"ஆற்றங்கரையில் எனக்குத் தலைவலி வருகிறது. பிற்பகலில் மட்டும். சாப்பிட்டுப் படுத்தால், எழும்பும்போது யாரோ தலையில் அடித்தது போல இருக்கிறது. இரண்டு தரம் வாந்தி. வெளியே நடந்தால் மாலைக்குள் போய்விடும். வீட்டில் ஒன்றுமே இல்லை. வெயிலாக இருக்கலாம் என்கிறார் டொக்டர்."

"ரொனுக்கு?"

"ஒன்றுமில்லை. அவர் மீன் பிடிக்கப் போய்விடுவார்."

"ஜன்னல்களை யார் சாத்துவது?"

"அவர்தான். திறந்திருந்தால் ஏசி வீணாம்."

"ஜெனரேற்றரை இயக்குவது?"

"அவர்தான்."

ஒவ்வொரு பதிலுக்கும் என் முகம் எப்படி மாறியதோ தெரியாது. அவர் என் வாயைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலாம் லாச்சிக்குள் கிடந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நான் குளிக்கப் போயிருந்தபோது அது கத்தியதாம். சரிப்படுத்திவிட்டேன் என்றுதானே சொன்னார்." கைப்பையின் பூட்டைத் திறந்தார், மூடினார். "ஓய்வுபெற்ற பிறகு ஆள் மாறிவிட்டார். நான் எப்போது படுப்பேன் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்." பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்: "ஒருவர் வேண்டுமென்றே இப்படிச் செய்ய முடியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதலில் வண்டியைக் கொண்டுவாருங்கள், சோதிப்போம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "முடியும்."

அதோடும் நிறுத்தவில்லை. "இனி அந்த வண்டியில் படுக்காதீர்கள். வேறு இடம் இருந்தால் கொஞ்ச நாள் போய் இருங்கள்" என்றேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று முழு மனதோடு நம்பினேன். அன்று மாலையே அவர் பலராட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ட்ரேசியிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் பிடித்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தனை காட்டிற்று மீற்றர்?"

"சைபர். ஆனால்..."

"கையில் ஒரு எண் இல்லாமல் ஒரு மனிதரைக் கொலைகாரர் ஆக்கி அவர் மனைவியிடம் கொடுத்திருக்கிறாய்."

"அலாமைக் கழற்றியவர் அவர்."

"ஓம். அது கத்தியிருக்கிறது. ஏன் கத்திற்று? அதை நீ கேட்டாயா?"

ட்ரேசி போனை எடுத்து வலரியைக் கூப்பிட்டாள், ஒலிபெருக்கியில் போட்டாள். "வலரி, சாப்பிட்டு முடித்ததிலிருந்து எழும்பும் வரை நடப்பதைச் சொல்லுங்கள். சின்ன விஷயத்தையும் விடாமல்."

வலரி சொன்னார்: "தட்டுகளைக் கழுவுவேன். ரொன் ஜன்னல்களைச் சாத்துவார். ஜெனரேற்றர், ஏசி. பிறகு கழிவறைக்கு மேலிருக்கும் விசிறியைப் போடுவேன்."

"விசிறியா?" என்றாள் ட்ரேசி.

"காற்றை வெளியே தள்ளுகிற சின்ன விசிறி. கழிவறை மணம் எனக்குத் தாங்காது. எந்நேரமும் ஓடும்."

ட்ரேசி என்னைப் பார்த்தாள். நான் சோதித்தபோது விசிறி ஓடவில்லை. சாத்திய பெட்டிக்குள் இருந்து காற்றை வெளியே இழுத்தால், போன காற்றுக்குப் பதிலாக வேறு காற்று எங்காவது ஒரு வழியால் உள்ளே வந்தாக வேண்டும். கதவுத் துவாரத்தையோ ரொன் மூடிவிட்டார்.

ட்ரேசி கூப்பிட்டுச் சொன்னதால் மறுநாள் ரொன் வண்டியைக் கொண்டுவந்தார். தாடி சவரம் செய்யவில்லை. "வலரி வீட்டில் இல்லை. போனையும் எடுக்கிறாளில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

வண்டியை முற்றத்தில் நிறுத்தினோம். கதவுத் துவாரத்தில் முந்தியது போலவே ரேப் ஒட்டினாள் ட்ரேசி. ஜன்னல்கள் சாத்தி, ஜெனரேற்றர், ஏசி, விசிறி. நான் மீற்றரோடு வலரியின் கட்டிலில் உட்கார்ந்தேன். ட்ரேசி கதவுக்கு வெளியே கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். ஐந்து நிமிடம் சைபர். பிறகு ஒன்பது. இருபத்திரண்டு. நான் எண்களைச் சத்தமாகச் சொன்னேன். நாற்பது. அறுபத்தைந்து. சுவரில் அலாம் கத்தத் தொடங்கிற்று. நூற்றுப் பத்து என்றபோது ட்ரேசி கதவைத் திறந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை.

வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெனரேற்றரை நிறுத்தி, எல்லாவற்றையும் திறந்து ஆறவிட்டு, மறுபடி சாத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டோம். என் காரில் கோயிலுக்கு வாங்கிய ஊதுபத்திப் பெட்டி கிடந்தது. ஒன்றைக் கொளுத்தி ஓரம் ஓரமாகப் பிடித்துக்கொண்டு போனேன். ஜன்னலடியில் புகை நேராக ஏறிற்று. அடுப்படியிலும் அப்படியே. வலரியின் கட்டிலடியை மூடியிருந்த பலகையின் விளிம்பில் பிடித்ததும், யாரோ ஊதியது போலப் புகை என் முகத்தில் அடித்தது.

சிவநேசனைக் கூப்பிட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னோம். கீழே, தரையில், சுவிட்சுக்குப் போகும் வயர் மேலே வருவதற்காகப் போட்ட ஓட்டை. வயர் விரல் பருமன். ஓட்டையோ ஐம்பது சத நாணயம் நுழையும் அளவு. சுற்றிவர ரப்பரும் இல்லை, பசையும் இல்லை. ஓட்டையினூடாக முற்றத்துச் சரளைக்கல் தெரிந்தது. நேர் முன்னால் ஜெனரேற்றரின் கூடு.

"யார் போட்ட ஓட்டை இது?" என்றாள் ட்ரேசி.

சிவநேசன் கை உயர்த்தினான், பள்ளிக்கூடப் பிள்ளை போல. "மீ."

ட்ரேசி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். பயந்தால் அதுவும் வராது. என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நான் ஓட்டை மட்டும்தான் போட்டனான். வயரின்ரை பிளக் நுழையோணும் எண்டு பெரிசாப் போடச் சொன்னது நீங்கள். ரப்பர் எடுத்து வந்து அடைக்கிறன் எண்டும் நீங்கள்தானே சொன்னனீங்கள்? நான் அடைச்சாச்சு எண்டு நினைச்சுப் பலகையைப் போட்டனான்."

எல்லாம் அப்போது கண்முன் வந்தது. அந்த அளவு ரப்பர் கையில் இருக்கவில்லை. பழைய துணி ஒன்றைச் சுருட்டி ஓட்டையில் செருகினேன், தற்காலிகமாக. ரப்பர் எடுக்கப் போனபோது போன் வந்தது. திரும்பி வந்தபோது பலகை போட்டாகிவிட்டது. அடைத்தாயிற்று என்று மனம் தானாகவே எழுதிக்கொண்டது. துணி வழியில் எங்கோ விழுந்திருக்கும். காஸ் குழாய்ச் சோதனை குழாயை மட்டும்தான் சோதிக்கும். 'துளைகள் அடைக்கப்பட்டன' என்ற கட்டத்தில் சரி போட்டவள் நான்.

"என்ன சொல்கிறான்?" என்று ட்ரேசி கேட்டாள்.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எதைச் சொன்னாலும் அதுதான் சிவநேசன் சொன்னதாக இருக்கும். தற்காலிக விசாக்காரன். அவன் மேல் ஒரு முறைப்பாடு எழுதப்பட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் உடனே வாய் திறக்கவில்லை. மூன்று நொடியோ நாலு நொடியோ. அந்த நேரம் முழுக்க அவன் என்னைப் பார்த்தபடி நின்றான்.

"ஓட்டையை நான் அடைப்பதாகச் சொன்னேன் என்கிறான்" என்றேன். "அது உண்மை. மறந்தவள் நான். பட்டியலில் சரி போட்டதும் நான்."

ட்ரேசி தலையாட்டினாள். சிவநேசனிடம் "நீ போய் வேலையைப் பார்" என்றாள். என்னிடம், "ரொனிடம் நீயே போய்ச் சொல்" என்றாள்.

ரொன் வேலியோரமாக நின்றார். யாரோ கொடுத்த தேத்தண்ணீர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. சொன்னேன். ஓட்டை, துணி, விசிறி, ஜெனரேற்றர் புகை, எல்லாம். அவர் கடைசியில்தான் கேட்டார்.

"அப்படியானால் அலாம் சரியாகத்தான் கத்தியிருக்கிறது?"

"சரியாகத்தான் கத்தியிருக்கிறது."

கோப்பையை வேலிக் கட்டையின் மேல் வைத்தார். "அவள் தூங்கட்டும் என்றுதான் கழற்றினேன். இரவில் அவளுக்குத் தூக்கமே வருவதில்லை. பகலிலாவது கண்ணயரட்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்." பிறகு நிமிர்ந்தார். "வலரி இங்கே வந்தாளா?"

"வந்தார்."

"நான் செய்கிறேன் என்று நினைத்தீர்களா?"

"ஓம்" என்றேன். "அவரையும் அப்படி நினைக்கவைத்தது நான்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. "அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள்" என்றார்.

அங்கேயே நின்று என் போனில் கூப்பிட்டேன். ரொனிடம் சொன்னது போலவே வலரியிடமும் சொன்னேன். "நீங்கள் அன்று முடியும் என்றீர்களே" என்றார். அதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஓட்டைக்குக் கேட்டதைவிட அதற்குக் கேட்பது கடினமாக இருந்தது. "நாளைக்கு வருகிறேன். என் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று வைத்துவிட்டார்.

பிழையை முறைப்படி அறிவித்தோம். மூன்று மாதம் நான் எதிலும் கையெழுத்திட முடியவில்லை. அந்த வருடம் நான் பார்த்த எல்லா வண்டிகளையும் ட்ரேசி திருப்பி அழைத்து ஓட்டை ஓட்டையாகச் சோதித்தாள். வேறு ஒன்றிலும் பிழை இருக்கவில்லை. அதனால் எனக்கு நித்திரை திரும்பி வந்துவிடவில்லை. சிவநேசன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று ஒருநாள் அவனிடம் சொன்னேன். "சொன்னனீங்கள் அக்கா. ஆனா யோசிச்சிட்டுச் சொன்னனீங்கள்" என்றான்.

அந்தப் போன் பேச்சுக்கு மறுநாள் காலை, சொன்னபடியே வலரி வந்தார். முந்தின நாளே ஓட்டைக்கு ரப்பர் போட்டு, பசை வைத்து, அதன் மேல் தகடும் அறைந்திருந்தேன். கதவுத் துவாரத்தைத் திறந்துவிட்டிருந்தேன். ட்ரேசி மூன்று தரம் சோதித்திருந்தாள். வலரி எங்கள் தாள்களைப் பார்க்கவில்லை.

"பிற்பகலில் செய்வது போலவே எல்லாவற்றையும் போடுங்கள். நான் உள்ளே இருக்கிறேன்" என்றார்.

"மீற்றரைக் கையில் வைத்திருங்கள். ஐந்துக்கு மேல் ஏறினால் உடனே வெளியே வாருங்கள்" என்றாள் ட்ரேசி.

ரொன் முற்றத்தின் மறுகரையில் நின்றார். கிட்ட வரத் துணியவில்லை. வலரி படியில் ஏறி, நின்று, திரும்பினார்.

"ரொன், நீயும் உள்ளே வா."

அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். கதவைச் சாத்தி ஜெனரேற்றரைத் தொடக்கினேன். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ட்ரேசியும் நானும் நின்றோம். ஆளுக்கொரு கட்டிலில், எதிரும் புதிருமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வலரியின் கண் மீற்றரில் இருந்தது. ரொனின் கண் வலரியில் இருந்தது. பத்து நிமிடம் கழித்து ரொன் ஏதோ சொன்னார். ஜெனரேற்றர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சுவரிலிருந்த அலாமைக் காட்டிச் சொன்னது மட்டும் தெரிந்தது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வலரி அவரைப் பார்த்தார். பிறகு மீற்றரை அவர் கையில் கொடுத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம் முடிந்த பிறகும் ரொன் மீற்றரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் ஜெனரேற்றரை நிறுத்தி, கதவைத் தட்டி, முடிந்தது என்றேன். ரொன் விரலை உதட்டில் வைத்தார். வலரி நித்திரையாகிவிட்டிருந்தார்.